தங்கச்சியைக் கூட்டிவரப் போன கோடை

ஐரோப்பாவுக்குப் போகிறோம் என்று அப்பா சொன்ன மறுநாளே நான் அதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்கள் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேர் கோடை விடுமுறைக்கு ஏரிக்கரை வீடுகளுக்குப் போவார்கள். மிச்சப்பேர் எங்கேயும் போகமாட்டார்கள். நாங்கள் அந்த மிச்சம். அப்பா நகரத்து உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். அம்மா அஹுன்ட்சிக் பக்கத்தில் ஒரு தையல் ஆலையில் நாள் முழுக்கக் காற்சட்டைகளுக்குச் சிப் பூட்டினார். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை ஐரோப்பா போகிறது என்றால் சும்மாவா? ஆசிரியை சுவரில் வரைபடத்தை விரித்து எங்கே, எங்கே என்று கேட்டார். ஜேர்மனி, பிரான்ஸ் என்று நான் விரல் வைத்துக் காட்டினேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. இப்போது நினைத்தால் அந்த வாயைப் பொத்தவேண்டும்போல இருக்கிறது.

"நீங்கள் பிறந்த இடங்களையெல்லாம் ஒருக்காப் பாத்திட்டு வருவம்" என்றுதான் அப்பா எங்களிடம் சொன்னார். அது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. நானும் தம்பியும் ஜேர்மனியில் ஒரு சின்ன நகரத்தில் பிறந்தோம். தங்கச்சி பாரிஸில் பிறந்தாள். நாங்கள் இரண்டு பேரும் மொன்றியலில் அப்பா அம்மாவோடு இருந்தோம். தங்கச்சி பாரிஸிலேயே இருந்தாள். அவளைக் கூட்டிவரத்தான் போனோம். மற்றதெல்லாம் அப்பா போட்ட பூச்சு.

அவள் ஏன் அங்கே நின்றுபோனாள் என்பதைச் சொல்லவேண்டும். ஜேர்மனியில் எங்கள் அகதி வழக்குத் தோற்றதும் அப்பாவும் அம்மாவும் எங்களை இழுத்துக்கொண்டு எல்லை கடந்து பாரிஸுக்கு வந்தார்கள். அங்கே அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, கலியாணம் செய்து ஒற்றை அறையில் இருந்தார். அந்த அறையில் எல்லோரும் நெருக்கியடித்துக் கிடந்த காலத்தில்தான் தங்கச்சி பிறந்தாள். பிரான்சிலும் ஒன்றும் சரிவரவில்லை. அப்போது கனடாவுக்கு ஆட்களை அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒருவன் அகப்பட்டான். அவன் கொண்டுவந்து தந்தது பாண்டிச்சேரிக் குடும்பம் ஒன்றின் பிரெஞ்சுப் பாஸ்போட்டுகள். படத்தில் இருந்த பெண்ணுக்கு அம்மாவின் முகவெட்டு. அந்தக் காலத்தில் பிள்ளைகளைத் தாயின் பாஸ்போட்டிலேயே எழுதிவிடுவார்கள். அதில் எழுதியிருந்தது ஒரு பெண்ணும் ஒரு பையனும். கைக்குழந்தை இல்லை.

"சின்னதைப் பேந்து அனுப்பலாம் அக்கா, ஒரு பிரச்சினையும் இல்லை" என்று அவன் சொன்னானாம். அந்த இரண்டு பாண்டிச்சேரிப் பிள்ளைகளையும் நான் கண்டதில்லை. ஆனால் பல வருடம் அவர்கள்மேல் எனக்குத் தீராத கோபம் இருந்தது. இன்னும் ஒன்று பிறந்து தொலைத்திருந்தால் என்ன என்று நினைப்பேன்.

விமானத்தில் அம்மாவின் சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. தண்ணீரை ஊற்றிக்கொண்டார் என்று நினைத்தேன். தவழத் தொடங்கியிருந்த பிள்ளையை விட்டுவிட்டு வந்தவருக்குப் பால் கட்டியிருந்தது என்று எனக்கு விளங்க வெகுகாலம் எடுத்தது. மிராபெல் விமான நிலையத்தில் இறங்கி அகதி என்று சொன்னோம். வழக்கு முடியவேண்டும், வதிவிட உரிமை வரவேண்டும், அதற்குப் பிறகுதான் பிள்ளையைக் கூப்பிடலாம் என்றார்கள். ஏஜென்சிக்காரன் சொன்ன 'பேந்து' அப்படி நாலு வருடமாக இழுபட்டது.

அந்த நாலு வருடமும் அம்மா தங்கச்சிக்குக் கசெற் பதிந்து அனுப்பினார். சமையலறையில், குளிர்சாதனப் பெட்டி இரையாமல் அதை நிறுத்திவிட்டு, "பிள்ளை, அம்மா கதைக்கிறன்" என்று தொடங்குவார். நாங்கள் மூச்சு விடக்கூடாது. தம்பி தும்மினால் அடி விழும். அங்கே ஒரு பெட்டிக்குள் இருந்து பேசுகிற பெண்ணைப்பற்றித் தங்கச்சி என்ன நினைக்கிறாள் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. முதல் கசெற்றின் கடைசியில் அம்மா சின்னம்மாவுக்கும் நாலு வார்த்தை சொல்லியிருந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "அவளை அழவிடாதை. உன்னை அம்மா எண்டு கூப்பிட்டால் கூப்பிடட்டும். நான் வந்து மாத்திறன்."

தங்கச்சிக்கு விசா கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்ததும் அம்மா வேறு ஆளாகிவிட்டார். ஆலையை யூலைக் கடைசியில் இரண்டு கிழமை பூட்டுவார்கள். அதற்கு முன்னும் அசைய முடியாது, பின்னும் அசைய முடியாது. போவதற்கு முதலே தெருமூலைக் கார்தெரியில், அந்தப் பகல்நேரப் பிள்ளைக் காப்பகத்தில், தங்கச்சிக்கு இடம் பிடித்து வைத்தார். தெப்பனூர் என்று அங்கே சொல்கிற சில்லறைக் கடையின் கடைக்காரிக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குப் பிரெஞ்சு வராது. இருந்தும் பால் வாங்கப் போகும்போதெல்லாம் தங்கச்சியின் படத்தை எடுத்துக் காட்டி "மா ஃபீய், மா ஃபீய்" என்பார், என் மகள் என்று. கடைக்காரியும் சலிக்காமல் படத்துக்கு முத்தம் கொடுப்பாள். கொளுத்துகிற வெயிலில் சிவப்பில் ஒரு குளிர்காலக் கோட் வாங்கிவந்தார். அளவு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தாய்க்குத் தெரியாதோ?" என்றார்.

நேரே பாரிஸுக்குப் போகவேண்டும் என்று அம்மா நின்றார். பிராங்பேர்ட்டுக்குத்தான் மலிவு டிக்கெற் என்று அப்பா சொன்னார், பிள்ளைகளுக்குப் பிறந்த இடத்தைக் காட்டாமல் போவதோ என்றார். பாரிஸை நினைத்து அவர் பயந்திருந்தார். மொன்றியலில் பஸ்ஸுக்கு ஓடியே பழகிய மனிதர் ஜேர்மனியில் ஒவ்வொரு ஸ்டேசனிலும் கோப்பி குடிக்க உட்கார்ந்தார். அம்மா மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு அவர் குடித்து முடிப்பதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் பிறந்த இடம் ஓர் ஆஸ்பத்திரி. "மூண்டாம் மாடி. உன்னையும் அங்கதான், தம்பியையும் அங்கதான்" என்று அப்பா ஜன்னல்களை எண்ணிக் காட்டினார். எனக்கு ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். பசித்தது, வேறொன்றும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் இரண்டு பேரையும் நிறுத்திப் படம் எடுத்தார். பிறகு நாங்கள் இருந்த அகதி விடுதியைப் பார்க்கப் போனோம். ரயில் பாதை ஓரமாக மஞ்சள் கட்டடம். ஜன்னல்களில் சின்னப் பிள்ளைகளின் உடுப்புகள் காய்ந்தன. எங்களுக்குப் பிறகு வேறு நாட்டு அகதிகளைப் போட்டிருந்தார்கள். நாங்கள் பெட்டிகளோடு நிற்பதைக் கண்டு காவல்காரர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். இடம் இல்லை, நிரம்பிவிட்டது, ஸ்டேசன் பக்கத்து அலுவலகத்தில் போய்ப் பதிந்துவிட்டு வாருங்கள் என்றார். நாங்கள் கனடாவில் இருந்து வருகிறோம், சும்மா பார்க்க வந்தோம் என்று அப்பா தனக்கு மிச்சமிருந்த ஜேர்மன் மொழியில் சொன்னார். அந்த மனிதர் எங்கள் நாலு முகங்களையும் பார்த்துவிட்டு மறுபடியும் ஸ்டேசன் பக்கம் கையைக் காட்டினார். அப்பா "டாங்கே" என்று நன்றி சொன்னார். வேறு என்ன சொல்வார்?

"அப்பா, நாங்கள் திருப்பியும் இஞ்ச இருக்கவேணுமோ?" என்று தம்பி அழத்தொடங்கினான்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பயணம் முழுவதும் அவர் சிரித்தது அங்கேதான். "காட்டினது காணும். வாங்கோ, என்ர பிள்ளையிட்டப் போவம்" என்றார்.

சின்னம்மா வீட்டில் இப்போது இரண்டு அறைகள். கதவு திறந்ததும் அம்மா அந்த வாசலிலேயே முழங்காலில் இருந்து இரண்டு கையையும் விரித்தார். தங்கச்சி சின்னம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வடிவாக வாரிப் பின்னிய தலை, வெள்ளைச் சொக்ஸ். என்னை அப்படியே சின்னதாக்கி வைத்ததுபோல இருந்தாள். சின்னம்மா முதுகில் தட்டித் தள்ளினார். அவள் ஓரடி வந்து, அம்மாவின் கைக்குள் அடங்காமல், கன்னத்தை மட்டும் நீட்டினாள். ஒரு கன்னம், பிறகு மற்றக் கன்னம். பாரிஸில் வருகிற ஆட்களுக்கெல்லாம் அப்படித்தான் காட்டவேண்டும் என்று அவளுக்குப் பழக்கியிருந்தார்கள். அம்மா சிவப்புக் கோட்டைப் போட்டுவிட்டார். கோட்டின் கை இரண்டும் அவளுடைய விரல்களை மூடித் தொங்கின. "மேர்சி" என்று தங்கச்சி சொன்னாள். பிறகு திரும்பி, "அம்மா, பாருங்கோ!" என்றாள்.

"என்ன பிள்ளை?" என்று இரண்டு பேரும் ஒரேநேரத்தில் கேட்டார்கள். சின்னம்மா உடனே குசினிக்குள் போய்விட்டார்.

தங்கச்சி எங்களோடு ஒட்டினாள். எங்கள் கியூபெக் பிரெஞ்சைக் கேட்டுவிட்டு, ஏன் மூக்காலே கதைக்கிறீர்கள் என்று தம்பியைச் சொல்லிச்சொல்லிச் சிரித்தாள். என்னை அக்கா என்றாள், தம்பியை அண்ணா என்றாள். அப்பாவிடம் கூடக் கொஞ்சம் போனாள். அம்மாவைத்தான் அவள் எப்படியும் கூப்பிடவில்லை. ஏதும் வேண்டுமென்றால் முன்னால் வந்து நின்று, அம்மா பார்க்கும்வரை காத்திருந்து, மரியாதையாகக் கேட்பாள். "தண்ணி தருவீங்களோ?" நான் அம்மாவோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன், எத்தனை எதிர்ப்பேச்சு. அந்தச் சண்டையில் ஒன்றையாவது அவளும் போடமாட்டாளா என்று இருந்தது.

ஒருநாள் படிக்கட்டில் வைத்து அவளைப் பிடித்துச் சொன்னேன். "அவதான் உன்ர உண்மையான அம்மா. நீ அவவின்ர வயித்திலதான் இருந்தனி."

அவள் யோசித்தாள். "உங்கட அம்மா நல்லவ. ஆனா எனக்கு ஒரு அம்மா இருக்கிறா" என்றாள்.

சின்னம்மாவைக் குற்றம் சொல்ல ஒரு காரணம் கிடைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். கிடைக்கவில்லை. தங்கச்சியின் உடுப்பையெல்லாம் அவரே மடித்துப் பெட்டியில் அடுக்கினார். "நான் பிள்ளையைப் பறிக்க நினைக்கேல்லை அக்கா. நீங்கள் அனுப்பின எல்லாக் கசெற்றும் போட்டுக் காட்டினனான்" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சின்னம்மாவுக்குப் பிள்ளை இல்லை. ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தால் தன் வயிறும் திறக்கும் என்று ஆட்கள் சொல்லியிருந்தார்கள். வயிறு திறக்கவில்லை. இந்த ஒன்றுதான் இருந்தது. நாங்கள் நின்ற அவ்வளவு நாளும் அவர் எங்களோடு இருந்து சாப்பிட்டு நான் காணவில்லை.

போகும் நாள் நெருங்கியது. அப்போதுதான் அம்மாவுக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் ஆட்களிடம் பால்குடி மறக்கடிக்க ஒரு வழக்கம் உண்டு. தாய் இரண்டு மூன்று நாள் வேறொரு வீட்டில் போய் நிற்பார். பிள்ளை கத்தும், தேடும், பிறகு களைத்துச் சோறு தின்னும். "அதுதான் ஒரே வழி. நீ கண்ணில படாமல் நிண்டால் என்னோட சேர்ந்திடுவாள்" என்று அம்மா சின்னம்மாவிடம் சொன்னார். அப்பா தலையாட்டினார். சித்தப்பாவும் தலையாட்டினார். நாலரை வயதுப் பிள்ளைக்கு இதைச் செய்யலாம் என்று நாலு பெரிய மனிதர்கள் கூடி முடிவெடுத்தார்கள். கடைக்குப் போட்டு வாறன் என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டுச் சின்னம்மா சிநேகிதி வீட்டுக்குப் போனார்.

தங்கச்சி அழவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் போய் உட்கார்ந்தாள். படுக்க வா என்றால் வந்தாள், விடிந்ததும் மறுபடியும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அங்கேயே போனாள். அம்மா பக்கத்தில் இருந்து சோறு குழைத்து ஊட்டினார். வாயைத் திறந்து வாங்கினாள், கன்னத்துக்குள் வைத்திருந்தாள், விழுங்கவில்லை. அம்மா பாடினார். கதை சொன்னார். கசெற்றில் சொன்ன அதே கதைதான். அது முடிந்ததும் தங்கச்சி எழும்பித் தன் விளையாட்டுச் சாமான்களையெல்லாம் பொறுக்கிப் பெட்டியில் வைத்தாள். தம்பி சிந்திய பாலைத் தன் கைத்துண்டால் துடைத்தாள். பிறகு வந்து அம்மாவின் முன்னால் நின்று, அம்மா நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்தாள்.

"நான் இனிக் குழப்படி செய்யமாட்டன்" என்றாள். "அம்மாவை வரச்சொல்லுங்கோ."

தான் ஏதோ பிழை செய்ததால்தான் தாய் போய்விட்டார் என்று அந்தப் பிள்ளை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அம்மா அவளையே பார்த்தார். அம்மா எழும்பிப் போய்ச் சிநேகிதி வீட்டுக்குப் போன் எடுத்தார். "வா" என்றார். மறுபக்கத்தில் ஏதோ கேட்டிருக்கவேண்டும். "வா எண்டால் வா."

சின்னம்மா ஓடிவந்தார். தங்கச்சி பாய்ந்து போய்க் கட்டிப்பிடிக்கவில்லை. மெல்லக் கையைப் பிடித்தாள், அந்தக் கையை முகர்ந்து பார்த்தாள், அதற்குப் பிறகுதான் கத்தி அழுதாள். அழுது அழுது சத்தி எடுத்தாள். அம்மா குசினிக்குள் போய், முகத்தைத் தோளில் துடைத்தபடி, ஏற்கனவே கழுவி வைத்திருந்த கோப்பைகளைத் திருப்பிக் கழுவினார்.

"விசா இருக்கு, டிக்கெற் இருக்கு. தூக்கிக்கொண்டு போவம். சின்னப் பிள்ளைதானே, கொஞ்ச நாளில மறந்திடும்" என்று அப்பா சொன்னார். நானும் அதைத்தான் விரும்பினேன். கையைக் காலைக் கட்டியாவது கொண்டுபோகவேண்டும் என்று விரும்பினேன்.

"ஒருக்கா அவளை விட்டிட்டுப் போனனான்" என்றார் அம்மா. "இப்ப அவளின்ர தாயிட்ட இருந்து பிடுங்கிறதும் நானோ?"

நாங்கள் நாலு பேராகவே திரும்பினோம். விமானத்தில் ஐந்தாவது இருக்கை எங்கள் பக்கத்தில் வெறுமையாக வந்தது. ஒரு மனிதர் அதில் தன் மேலங்கியை வைக்கலாமா என்று கேட்டார். அப்பா வைக்கச் சொன்னார்.

மொன்றியலில் எங்கள் கட்டடத்துத் தமிழாட்கள் பொம்மையும் கேக்குமாக வந்து கதவைத் தட்டினார்கள். எங்கே சின்னவள் என்று எட்டிப் பார்த்தார்கள். அவளுக்குச் சுகமில்லை என்று அப்பா சொன்னார். விசாவில் பிழை என்று வேறொருவருக்குச் சொன்னார். கார்தெரிக்கு நானே போய், என் பிரெஞ்சில், அந்தப் பிள்ளை வரமாட்டாள் என்று சொன்னேன். எப்போது வருவாள் என்று அங்கிருந்த அம்மையார் கேட்டார். தெரியாது என்றேன். அம்மா திங்கட்கிழமை ஆலை திறந்ததும் வழமைபோல வேலைக்குப் போனார்.

அந்தக் கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. சின்னம்மா. சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்களா என்று கேட்டுவிட்டு, என்ன பேசுவதென்று தெரியாமலோ என்னவோ, பிள்ளையிடம் போனைக் கொடுத்துவிட்டார். நான் அம்மாவின் தோளோடு ஒட்டி நின்றேன்.

"ஆர் கதைக்கிறது?" என்று தங்கச்சி கேட்டது எனக்கும் கேட்டது.

அம்மா வாயைத் திறந்தார், மூடினார். பிறகு, "பெரியம்மா கதைக்கிறன்" என்றார்.

"பெரியம்மா!" என்று தங்கச்சி கத்தினாள். அவ்வளவு நாளும் கூப்பிட ஒரு சொல் இல்லாமல் நின்ற பிள்ளைக்கு ஒன்று கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. பெரியம்மா, எனக்குப் பல்லு ஆடுது. பெரியம்மா, கீழ்வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கு, மூண்டு. பெரியம்மா, அக்கா என்ன செய்யிறா, அண்ணா என்ன செய்யிறான். பாரிஸில் அம்மாவிடம் அவள் மொத்தமாகப் பேசியதைவிட அந்தப் பத்து நிமிடத்தில் கூடப் பேசினாள். அம்மா சுவரைப் பார்த்தபடி "ஓம் ராசாத்தி, ஓம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"திருப்பி எப்ப வருவீங்கள், பெரியம்மா?"

"வருவன், ராசாத்தி."

"வந்தா இந்தமுறை மாதிரி அழமாட்டீங்கள்தானே?"

"இல்லைக் குஞ்சு" என்றார் அம்மா. "பெரியம்மா அழமாட்டன்."